ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆட்டத்தில் திராவிடர்: ஆட்டக்காரர் கருத்துகளும் செஞ்சிக் கோட்டையும்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்பது இடைக்காலப் போர்களை அடிப்படையாகக் கொண்ட நிகழ்நேர வியூகக் கணினி விளையாட்டு. 1999இல் முதலில் வெளிவந்தது. அப்போது அதில் இருந்த 13 நாகரிகங்களில் இந்தியாவைச் சேர்ந்தது ஒன்றுகூட இல்லை. 2013இல் வந்த விரிவாக்கத்தில் "இந்தியர்" என்ற ஒரே பெயரில் துணைக்கண்டம் முழுவதும் அடைக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 28 அன்று வெளியான டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற விரிவாக்கத்தில் வங்காளியர், திராவிடர், கூர்ஜரர் ஆகிய மூன்று நாகரிகங்கள் புதிதாகச் சேர்ந்தன. பழைய "இந்தியர்" இந்துஸ்தானியர் எனப் பெயர் மாறினர். இராசேந்திர சோழனை நாயகனாகக் கொண்ட போர்த் தொடர் ஒன்றும் இதில் உண்டு.

திராவிடர் நாகரிகம் பற்றி ஆட்டக்காரர்கள் சொல்லும் கருத்துகளை வகைப்படுத்தி, அவற்றில் எவை நிற்கும், எவை நிற்கா என்று பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். அதற்கான உரைகல்லாக விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ள செஞ்சிக் கோட்டை எடுத்துக்கொள்ளப்படுகிறது. கோட்டை கட்டுவதும் கோட்டையைப் பிடிப்பதும்தான் இந்த ஆட்டத்தின் உயிர் என்பதால் இந்த ஒப்பீடு பொருந்தும்.

ஆட்டத்தின் அமைப்பு

ஆட்டக்காரர் சில குடிமக்களோடும் ஓர் ஊர் மையத்தோடும் தொடங்குகிறார். உணவு, மரம், பொன், கல் என நான்கு வளங்களைச் சேர்க்க வேண்டும். இருண்ட காலம், நிலமானியக் காலம், கோட்டைக் காலம், பேரரசுக் காலம் என நான்கு படிகளில் முன்னேற வேண்டும். எதிரியும் அதே நேரத்தில் அதையே செய்துகொண்டிருப்பார். முறை வைத்து ஆடும் சதுரங்கம் போன்றதல்ல இது. யோசிக்கும் நேரமும் செலவுதான்.

ஒவ்வொரு நாகரிகத்துக்கும் தனிச் சலுகைகளும் குறைகளும் உண்டு. திராவிடருக்கு ஒவ்வொரு காலம் மாறும்போதும் 200 மரம் இலவசமாகக் கிடைக்கிறது. மீனவர்கள் கூடுதல் சுமை தூக்குகிறார்கள். காலாட்படைக் கூடத்தின் தொழில்நுட்பங்கள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. உருமி வீச்சாளர் என்ற காலாளும் திரிசடை என்ற போர்க்கப்பலும் அவர்களுக்கே உரியவை. வூட்ஸ் எஃகு என்ற தொழில்நுட்பத்தைக் கற்றுவிட்டால் காலாட்படையின் தாக்குதலும் குதிரைப்படையின் தாக்குதலும் எதிரியின் கவசத்தைப் பொருட்படுத்தா. குறை என்று பார்த்தால், மற்ற தெற்காசிய நாகரிகங்களைப் போலவே இவர்களுக்கும் கனரகக் குதிரை வீரர் கிடையாது. குதிரை லாயத்தில் யானையைத் தவிர வலுவானது எதுவும் இல்லை.

கருத்துகள் மூன்று வகை

ஆட்டக்காரர் கருத்து என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒரே பொருள் அல்ல. அதில் குறைந்தது மூன்று வகை கலந்திருக்கிறது.

முதல் வகை, பலம் பற்றியது. நீர்நிலை நிறைந்த வரைபடங்களில் திராவிடர் சிறப்பாக ஆடலாம்; அரேபியா என்று பெயரிடப்பட்ட திறந்த நில வரைபடத்தில் அவர்கள் பின்தங்குகிறார்கள் என்பது பரவலான கருத்து. விரைந்து சென்று தாக்கித் திரும்பும் குதிரைப்படை இல்லாததே இதற்குச் சொல்லப்படும் காரணம். இதை எவரும் ஆடிப் பார்த்துச் சரிபார்க்கலாம். ஆட்டத்தை உருவாக்குவோர் இத்தகைய கருத்துகளைக் கேட்டு அவ்வப்போது எண்களைத் திருத்துவதும் வழக்கம். ஆகவே 2022இல் எழுதப்பட்ட ஒரு விமர்சனம் இன்றைய பதிப்புக்கு அப்படியே பொருந்தாது. படிப்பவர் தேதியைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் வகை, வரலாறு பற்றியது. பெயர் சரியா, ஆயுதம் சரியா, கட்டடம் சரியா என்ற கேள்விகள் இதில் வரும். இதை ஆடிப் பார்த்துத் தீர்க்க முடியாது. கல்வெட்டையும் நூலையும் களத்தையும் பார்க்க வேண்டும்.

மூன்றாம் வகை, அனுபவம் பற்றியது. மகிழ்ச்சி, சலிப்பு, ஏமாற்றம் ஆகியவை இதில் அடங்கும். இதைத் தவறு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒருவரின் சலிப்பு ஆட்டத்தின் குறை ஆகிவிடாது. மிகைபுனைவு வகையைச் சேர்ந்த வார்கிராஃப்ட் 3 ஆட்டம் 2002இல் வந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. அதன் புதுப்பிப்பு 2020 சனவரியில் வந்தபோது, முன்பு காட்டிய மாற்றங்கள் பல இல்லை என்று ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். மிகக் குறைந்த மதிப்பெண் போட்டார்கள். அந்த மதிப்பெண்ணில் பெரும்பங்கு ஏமாற்றத்தின் அளவு. அடிப்படை ஆட்டம் பழையதுதான், நல்லதுதான். மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது.

பெயரும் ஆயுதங்களும்

திராவிடர் என்ற பெயர் மீதுதான் முதல் விவாதம் எழுந்தது. திராவிடம் என்பது ஒரு மொழிக்குடும்பத்தைக் குறிக்கும் சொல்லாக 1856இல் கால்டுவெல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தின் வழியே நிலைபெற்றது. பின்னர் அரசியல் சொல்லாகவும் ஆனது. அந்தப் பெயரில் படை நடத்திய அரசு எதுவும் இடைக்காலத்தில் இல்லை. சோழர் என்றோ தமிழர் என்றோ வைத்திருக்கலாம் என்று சிலர் கேட்டார்கள். சாளுக்கியர், போசளர், காகதியர் ஆகியோரையும் உள்ளடக்கப் பொதுப்பெயர் தேவை என்று வேறு சிலர் பதில் சொன்னார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் நாயகன் இராசேந்திரன், வீரர்கள் பேசும் மொழி தமிழ் என்று இருக்கும்போது பொதுப்பெயர் ஒரு போர்வையாகவே தெரிகிறது. கன்னடம் பேசிய அரசுகளும் தெலுங்கு பேசிய அரசுகளும் அதற்குள் பெயரளவில்தான் இருக்கின்றன.

உருமி பற்றிய பாராட்டு அதிகம். சுழன்று வீசும் காட்சி பலருக்குப் பிடித்திருக்கிறது. தமிழ்நாட்டில் சிலம்ப ஆசிரியர்கள் சுருள்வாள் என்று அழைக்கும் ஆயுதம் இது. கேரளக் களரியிலும் உண்டு. வளையும் தகட்டை வீசுபவரைச் சுற்றி ஆள் இல்லாத இடம் வேண்டும். ஆட்டத்திலோ இருபது முப்பது பேர் தோளோடு தோள் உரசி நின்று வீசுகிறார்கள். எதிரிகள் மட்டும் விழுகிறார்கள். இடைக்கால ஆட்டத்துக்குள் புகுந்த மாயக்கதை என்று இதைச் சொல்லலாம். கவசத்தை இல்லாததாக்கும் வூட்ஸ் எஃகும் அப்படித்தான். என்றாலும் அதற்குப் பின்னால் உண்மை இருக்கிறது. தென்னிந்திய உருக்கு உலகப் புகழ் பெற்றது. வூட்ஸ் என்ற சொல்லே உருக்கைக் குறிக்கும் தென்னிந்தியச் சொல்லிலிருந்து சென்றது. திரிசடை என்றதும் தமிழ் படித்தவருக்குக் கப்பல் நினைவுக்கு வராது. அசோகவனத்தில் சீதைக்குக் கனவு சொன்னவள்தான் வருவாள்.

இராசேந்திரன் தொடரில் கடற்போருக்கு முதலிடம் கிடைத்தது பொருத்தமே. 1025 வாக்கில் நடந்த கடாரப் படையெடுப்பு அவன் புகழுக்கு அடிப்படை. விழுப்புரம் மாவட்ட மாணவர்களுக்கு அந்த மன்னன் தொலைவில் இருப்பவன் அல்லன். 1987இல் அவனுடைய செப்பேடுகள் கிடைத்தது இம்மாவட்டத்து எசாலம் கிராமத்தில்தான். ஆனால் செப்பேடு பேசுவது கோயிலுக்கு விட்ட நிலத்தையும் அதன் எல்லைகளையும் பற்றி. ஆட்டத்தில் அரசனுக்கு நிலம் அளக்கும் வேலை இல்லை.

செஞ்சி என்ற உரைகல்

ஆட்டத்தில் ஒரு கோட்டை கட்ட 650 கல் வேண்டும். சமதளத்தில் எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். பேரரசுக் காலத்தில் எதிரி டிரெபுசே என்ற பெரிய கல்லெறி பொறிகளைக் கொண்டுவந்தால், கோட்டையின் அம்பு எட்டாத தொலைவில் நின்று சில நிமிடங்களில் இடித்துவிடுவார். உயரத்தில் நின்று தாக்குபவருக்குச் சேதம் கால் பங்கு கூடும். கீழிருந்து தாக்குபவருக்குக் கால் பங்கு குறையும். மலையின் மதிப்பு அவ்வளவுதான்.

செஞ்சியில் மலைதான் கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை மதில் இணைக்கிறது. பாறை இருக்கும் இடத்தில் பாறையே மதில், இடைவெளியில்தான் கட்டுமானம். ராஜகிரி உச்சிக்கு ஏறும் வழியில் ஆழமான பிளவு ஒன்றை மரப்பாலத்தால் கடக்க வேண்டும். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருக்கும் சிலரே பெரும்படையை நிறுத்திவிடலாம். கீழே பெரிய தானியக் களஞ்சியம் இருக்கிறது. யானைகளுக்கு ஆனைக்குளம் இருக்கிறது. மேலேயும் கீழேயும் நீர் சேமிக்க ஏற்பாடுகள் இருக்கின்றன.

களஞ்சியமும் குளமும்தான் ஆட்டத்தில் இல்லாதவை. அங்கே ஒரு வீரனை உருவாக்கும்போது ஒருமுறை உணவு செலவாகும். அதன் பின் அவன் சாப்பிடுவதே இல்லை. வயலுக்கு மரம் செலவழித்தால் போதும், தண்ணீர் வேண்டாம். ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் விழுப்புரம் பக்கத்து ஆட்டக்காரருக்கு இது வேடிக்கையாக இருக்கும்.

1690இல் சுல்பிகர் கான் தலைமையில் முகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டது. உள்ளே மராத்திய அரசர் இராசாராம் இருந்தார். 1698 தொடக்கத்தில்தான் கோட்டை விழுந்தது. அதற்குள் இராசாராம் தப்பிவிட்டார். இவ்வளவு ஆண்டுகள் ஆனதற்கு மதில் மட்டும் காரணமில்லை. சந்தாசி கோர்படே, தனாசி சாதவ் ஆகிய மராத்தியத் தளபதிகள் வெளியே சுற்றி வந்து முகலாயருக்கு வந்த தானியத்தை வழிமறித்தார்கள். முற்றுகையிட்டவர்களே பட்டினியால் 1693இல் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. பேரரசரின் மகன் காம்பக்ஷ் எதிரியோடு இரகசியமாகப் பேசினார் என்று அவரைச் சொந்தத் தளபதிகளே சிறை வைத்தார்கள். பசி, வழி, சந்தேகம் ஆகியவை தீர்மானித்த போர் இது. கல்லெறி பொறியை எண்ணும் ஆட்டத்தில் இவற்றுக்கு இடமில்லை.

இன்னொன்று. ஆட்டத்தில் ஒருவருக்கு ஒரு நாகரிகம். செஞ்சியைக் கோன் மரபினர், விசயநகர நாயக்கர், பீசப்பூர் சுல்தான், மராத்தியர், முகலாயர், ஆர்க்காட்டு நவாபு, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று பலர் ஆண்டார்கள். ஊர் மக்கள் நினைவில் நிற்கும் தேசிங்கு ராசனோ பண்டேலா இராசபுத்திரர். 1714இல் நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்து, குதிரையில் ஏறிப் போரிட்டு இறந்தார் என்று கதைப்பாடல் சொல்கிறது. அவருடைய உயிர்த்தோழன் ஓர் இசுலாமியர். வலுவான குதிரைப்படை இல்லாத திராவிடர் என்ற ஆட்டக் கட்டத்துக்குள் இந்தக் கதையை வைக்க முடியாது. அதே நேரம், தமிழகக் கடற்கரைக்குக் குதிரைகள் அரேபியாவிலிருந்து பெரும்விலைக்கு வந்தன என்பதும் உண்மை. ஆகவே குதிரைப்படையைக் குறைத்தது சோழர் காலத்துக்கு நியாயம். தென்னாட்டு வரலாறு முழுமைக்கும் நியாயமில்லை.

மொழி

வலுவான ஒரு குறையை ஆட்டக்காரர் பலர் கவனிப்பதில்லை. திராவிடர் வீரர்கள் தமிழில் பதில் சொல்கிறார்கள். ஆனால் ஆட்டத்தின் பொத்தான்களையும் வரலாற்றுக் குறிப்புகளையும் தமிழில் படிக்க முடியாது. இந்தி உண்டு, மலாய் உண்டு, வியட்நாமிய மொழி உண்டு, தமிழ் இல்லை. இராசேந்திரன் கதையை விழுப்புரத்து மாணவர் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் படிக்க வேண்டும். பலச் சமநிலைக்காகப் பக்கம் பக்கமாக வாதிடும் ஆட்டக்காரர்கள் இதையும் கேட்க வேண்டும். ஒரு நாகரிகத்தின் குரலை எடுத்துக்கொண்டு எழுத்தை விட்டுவிடுவது அரைகுறை மரியாதை.

மதிப்பீடு

ஆட்டம் என்ற அளவில் இது நல்ல ஆட்டம். வெளிவந்து இருபத்தைந்து ஆண்டுகள் கடந்தும் ஆடப்படுவது வேறு எந்தச் சான்றையும் விட வலுவானது. திராவிடர் நாகரிகமும் கடல், எஃகு, யானை ஆகிய மூன்றையும் சரியாகவே பிடித்திருக்கிறது. பலம் பற்றிய ஆட்டக்காரர் கருத்துகள் பெரும்பாலும் நம்பத்தக்கவை, ஏனென்றால் அவர்கள் ஆயிரம் முறை ஆடிப் பார்த்துச் சொல்கிறார்கள். வரலாறு பற்றிய கருத்துகளுக்கு அந்தத் தகுதி தானாக வராது. "ஆட்டத்தில் இப்படித்தான் இருக்கிறது" என்பது தேர்வுத்தாளிலும் விவாதத்திலும் சான்றாகாது.

2025 சூலையில் செஞ்சிக் கோட்டை, மராத்திய இராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுப்பின் பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. தொகுப்பின் 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றே. இந்த ஆட்டத்தில் வரைபடத்தைத் தாமே உருவாக்கும் கருவி உண்டு. திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ படிக்கும் மாணவர் ஒரு நாள் பேருந்தில் சென்று ராஜகிரி ஏறிப் பார்த்துவிட்டு, மூன்று குன்றுகளையும் பிளவையும் களஞ்சியத்தையும் அந்தக் கருவியில் வைத்துப் பார்க்கலாம். எதை வைக்க முடிகிறது, எதை வைக்க முடியவில்லை என்று குறித்துக்கொண்டால், ஆட்டத்தைப் பற்றி அவர் சொல்லும் கருத்துக்கு அதன் பின் எடை இருக்கும்.