முறிந்தது முன்னா, பின்னா?

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக மன்னவனூருக்குச் செல்லும் மலைப்பாதையை அதன் இயற்கையழகுக்காகப் புகழ்ந்தோர் அநேகர். படிப்படியாக இறங்கும் பூண்டுத் தோட்டங்களையும், ஏரியையும், மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சிப் பண்ணையைச் சூழ்ந்த புல்வெளிகளையும் பற்றி அவர்கள் எழுதியதற்கு மேல் நான் சேர்க்க வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் அதே பாதையில், ஏதோவொரு வளைவின் ஓரச்சுவரைப் பெயர்த்துக்கொண்டு கார் ஒன்று சரிவில் இறங்கிக் கிடக்குமானால், அது ஏன் தன் வசம் இழந்தது என்று ஆராயப் புகும் மனிதரின் தொழிலில், சங்கீதத்துக்கும் சிற்பத்துக்கும் நாம் அளிக்கும் ரசனையில் ஒரு பங்கையாவது பெறத்தக்க கலை ஒன்று இருக்கிறது என்பது என் துணிபு.

நம் நாட்டில் இக்கலைக்குரிய ஆசனம் மோட்டார் வாகன ஆய்வாளருடையது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 136ஆவது பிரிவு, விபத்தில் சிக்கிய வண்டியைப் பரிசோதிக்க அதிகாரம் தருகிறது. போலீசாரின் முதல் தகவல் அறிக்கையில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்ற தொடர் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்க, 'இவ்விபத்து இயந்திரக் கோளாறினால் நேர்ந்ததன்று' என்ற சான்றிதழும் அதனோடு சேர்ந்துவிட்டால் கோப்பு பூர்த்தியாகிவிடும். பெரும்பாலான கோப்புகள் அவ்வாறே பூர்த்தியாகின்றன. கலைஞன் எவனும் அவ்விடத்தில் திருப்தியடைய மாட்டான்.

இக்கலையின் ஜீவன் பூர்வாபரத்தை நிர்ணயிப்பதில் இருக்கிறது. நொறுங்கிய வண்டியில் பழுதுறாத பாகத்தைக் காண்பதே அரிது. டயர் கிழிந்திருக்கும், ஸ்டியரிங் கம்பி முறிந்திருக்கும், பிரேக் குழாய் அறுந்திருக்கும். இவற்றுள் எது மோதலுக்கு முன்னரே கெட்டு வண்டியைத் திசை திருப்பியது, எது மோதிய பின் சிதைந்தது என்று பிரித்தறியாதவன், காரியத்தைக் காரணமென்று எழுதிவிடுவான். நாட்பட்ட விரிசலால் ஒடிந்த இரும்பின் முகத்தில் நுண்ணிய அலைவரிகள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் படிந்திருப்பதையும், ஒரே அடியில் ஒடிந்த இரும்பு அவ்வரிகளின்றிக் கரடுமுரடாய் நிற்பதையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து உண்மை சொல்பவரே நிபுணர்.

தேர்ந்த ஆய்வாளர் முதலில் வண்டியிடம் போவதில்லை. கூட்டமெல்லாம் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் வண்டி வந்த வழியே எதிர்த்திசையில் நடப்பார். மன்னவனூர்ச் சாலையில் வெயில் படாத வளைவுகளில் பாசி பூத்திருக்கும். காரட்டும் முட்டைக்கோசும் ஏற்றி வரும் பிக்கப் வண்டிகள் தோட்டத்துச் சேற்றைத் தாரின்மேல் சிந்திவிட்டுப் போயிருக்கும். மார்கழி தை மாதத்து விடியலில் உறைபனியும் உண்டு. இவற்றை அவர் குறித்துக்கொண்ட பின்னரே டயர்த் தடங்களைப் பார்ப்பார். பிரேக்கில் இறுகிய சக்கரத்தின் தடத்தில் கீறல்கள் நெடுக்காக ஓடும்; பக்கவாட்டில் வழுக்கிச் சுழன்ற சக்கரத்தின் தடத்திலோ அவை குறுக்குச் சாய்வாக விழுந்திருக்கும்; பின்சக்கரத்தின் தடம் முன்சக்கரத்தின் தடத்துக்கு வெளியே விலகிச் செல்லும்.

அந்த வளைந்த தடத்தின்மீது 20 மீட்டர் நீளமுள்ள நாடாவை நேராகப் பிடித்து, நடுவில் தடம் எவ்வளவு விலகுகிறதென்று அளக்கிறார்கள். 1.7 மீட்டர் விலகினால் வளைவின் ஆரம் ஏறக்குறைய 30 மீட்டர் என்று கணக்கு சொல்லும். உலர்ந்த தாரில் அந்த ஆரத்தில் மணிக்கு 50 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் வரை பிடி இருக்கும். ஈரமும் பாசியும் சேர்ந்த தாரில் 40ஐ நெருங்குவதற்குள்ளேயே பிடி விட்டுவிடும். ஆகவே 'அதிவேகம்' என்று எழுதப்பட்டது, நடுத்தர வேகத்தோடு வந்த ஒருவர் அறியாமல் ஏறிய பாசியாக இருக்கவும் கூடும். நாடாவும் வாய்ப்பாடும் கொண்டு ஒரு மனிதனின் குற்றத்தின் அளவைத் திருத்தியமைக்கும் இந்த எளிமையே என்னை மிகவும் வசீகரிப்பது.

எளிமையில் சிறந்தது தடமென்றால், சூட்சுமத்தில் சிறந்தது பிரேக். ஒன்றரை டன் எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது அவ்வளவு சக்தியையும் பிரேக்கே ஏற்க நேர்ந்தால், 5 லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைத்து முழுவதும் ஆவியாக்கப் போதுமான வெப்பம் பிறக்கும். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று மலை டிரைவர்கள் சொல்வது இதனால்தான். சமவெளியிலிருந்து வந்தவர் மேல் கியரிலேயே இறங்கி, வழி நெடுக பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறார். பிரேக் ஆயிலோ காற்றின் ஈரத்தை நாளடைவில் உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகைக்குப் புதிதாய் இருக்கையில் 205 டிகிரி என்று விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை, ஈரம் ஏறியபின் 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்த ஆயிலில் ஆவி புகுந்தால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. விந்தை என்னவெனில், ஆய்வாளர் வந்து சேருவதற்குள் எல்லாம் ஆறி, ஆவி மீண்டும் திரவமாகிப் பெடல் கெட்டிப்பட்டிருக்கும்! குற்றவாளி தடயமின்றி மறைந்துவிட்டான். பிரேக் நன்றாயிருக்கிறது என்று அவர் எழுதுவது பொய்யன்று. ஆயினும் உண்மை அதில் இல்லை. லைனிங் பளபளவென்று கண்ணாடி பாய்ந்திருக்கிறதா, டிஸ்க்கில் நீலம் பாரித்திருக்கிறதா, ஆயிலில் ஈரம் எவ்வளவு, கியர் எதில் நிற்கிறது என்று தேடுபவரே மறைந்தவனைப் பிடிக்கிறார்.

விளக்குச் சோதனையையும் சொல்லாமல் விட மனமில்லை. மாலை நான்கு மணிக்கே மூடுபனி இறங்கும் இம்மலையில், முகப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததா என்பது பெரிய கேள்வி. எரியும்போது மோதினால் பல்பின் இழை சூட்டில் இளகி நீண்டு வளையும். அணைந்திருந்தால் நொறுங்கி ஒடியும். எல்.இ.டி. விளக்குகள் பெருகப் பெருக இந்த அழகிய சாட்சியம் வழக்கொழிந்து வருகிறது.

பூர்வாபர விவாதத்தின் சிகரம் இத்தாலியில் நிகழ்ந்தது. 1994 மே 1ஆம் நாள் இமோலா கார்ப் பந்தயத்தில் பந்தய வீரர் அயர்டன் சென்னாவின் கார் டம்புரெல்லோ வளைவில் விலகிச் சுவரில் மோதியது. அவருடைய வசதிக்காக வெட்டி, சிறிய குழாய் வைத்துப் பற்றவைத்த ஸ்டியரிங் தண்டு முறிந்து கிடந்தது. தண்டே காரணம் என்று 2007இல் இத்தாலிய உச்ச நீதிமன்றம் முடிவு கூறிற்று. காரை வடிவமைத்த ஏட்ரியன் நியூவியோ, தண்டில் விரிசல் இருந்ததை ஒப்புக்கொண்டு, ஆனால் கார் விலகிய விதம் பின்பகுதி வழுக்கியதைக் காட்டுகிறதேயன்றி ஸ்டியரிங் முறிந்ததைக் காட்டவில்லை என்றார். நீதிமன்றத்தை விட நியூவியின் வாதமே எனக்கு இக்கலையின் மரபுக்கு நெருங்கியதாகப் படுகிறது. வாதிப்பவர் அக்காரின் கர்த்தா என்பதை மறவாமலே இதைச் சொல்கிறேன்.

நம் பக்கத்தில், கோயம்புத்தூரின் ஜே.பி. ரிசர்ச் இந்தியா நிறுவனத்தார் விபத்து நேர்ந்த இடத்துக்கே சென்று அளந்து, மனிதர், வண்டி, சாலை ஆகிய மூன்றின் பங்கையும் தனித்தனியே பதிந்து வருகிறார்கள். இப்போது காருக்குள்ளேயே பதிவுப் பெட்டி வந்துவிட்டதே, இனி நாடா எதற்கு என்பாரும் உளர். 2022 செப்டம்பர் 4ஆம் நாள் மகாராஷ்டிரத்தின் சூர்யா ஆற்றுப் பாலத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மாண்ட விபத்தில், மோதலுக்கு ஐந்து விநாடி முன்பு வேகம் 100, மோதும்போது 89 என்று காரே சொல்லிற்று. மூன்று தடங்களாய் வந்த சாலை பாலத்தருகே இரண்டாய்க் குறுகுவதை அது சொல்லவில்லை. அதைக் காண ஒருவர் அங்கே போய் நடக்க வேண்டியிருந்தது.