அழுகையும் பெருமிதமும்: கே. பி. சுந்தராம்பாளின் மறுவருகை

பந்திங், கிள்ளான், கோலாலம்பூர் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் மாறுவேடப் போட்டி நடைபெறுங்கால், ஔவையார் வேடத்தில் ஒரு சிறுமி மேடையேறுவது வழக்கம். வெண்ணிறச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, கையிலே ஊன்றுகோல். ஆத்திசூடியை ஒப்புவிக்கும் அச்சிறுமியின் கோலம் ஏட்டுச்சுவடியிலிருந்து வந்ததன்று. 1953ஆம் ஆண்டில் ஜெமினி நிறுவனத்தார் வெளியிட்ட 'ஔவையார்' படத்தில் கே. பி. சுந்தராம்பாள் ஏற்ற கோலமே தமிழர் நெஞ்சில் பெரிதும் பதிந்துவிட்டது. பழம்பெரும் புலவர் ஒருவருக்கு முகம் தந்த இப்பாடகியின் கலைவாழ்வு இருமுறை தொடங்கியது. அவ்விரண்டாம் தொடக்கத்தின் சிறப்பு யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் ஒன்றாக அழுகையைக் கூறி, அது இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கின் காரணமாகப் பிறக்கும் என்பார். சுந்தராம்பாளின் இளமை இவற்றுள் வறுமையில் தொடங்கி இழவில் முடிந்தது. 1908இல் கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த அவர், தொடர்வண்டியில் பாடிப் பொருள் பெற்ற சிறுமியாக இருந்து நாடக மேடைக்கு உயர்ந்தவர். இலங்கையில் நாடகமாடிய காலத்தே செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். இருவர் குரலும் இணைந்த மேடை தமிழ் நாடக வரலாற்றில் ஒரு பொற்காலம். ஆயின் இல்லறம் அவ்வாறு அமையவில்லை. மனவேறுபாடும் பிரிவும் தொடர்ந்தன. 1933 டிசம்பரில், முப்பது வயதும் நிரம்பாத நிலையில் கிட்டப்பா மறைந்தார். இருபத்தைந்து வயதுச் சுந்தராம்பாள் வெள்ளாடை உடுத்தார். வேறோர் ஆடவருடன் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார்.

அவருடைய மறுவருகை என்றதும் பலரும் 1935இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தையே சுட்டுவர். அப்படத்திற்கு அவர் பெற்ற ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் அந்நாளில் எவரும் கேட்டிராத தொகை. அதில் அவர் ஆண் வேடத்தில் நந்தனாராகவே நடித்தார். மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராகத் தோன்றினார். எனினும் படம் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. கல்கி அதனைக் கடுமையாக எள்ளி நகையாடினார். குரல் இருந்தது, புகழ் இருந்தது, பொருளும் வந்தது. ஆனால் அக்குரலுக்கு உரிய பாத்திரம் இன்னும் வாய்க்கவில்லை. 1940இல் வெளிவந்த 'மணிமேகலை'க்குப் பின்னர்ப் பதின்மூன்று ஆண்டுகள் திரையில் அவருக்கெனக் குறிப்பிடத்தக்க இடமில்லை. ஆகவே, ஊதியத்தின் அளவைக் கொண்டு மறுவருகையை அளப்பது பிழையாகும்.

உண்மையான மறுவருகை 'ஔவையார்' படத்தில் நிகழ்ந்தது. அப்போது அவர் நாற்பத்தைந்து வயதை நெருங்கியிருந்தார். கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய அப்படம் சங்ககால ஔவையையும் நீதிநூல் பாடிய ஔவையையும் ஒருவராக்கிக் காட்டுகிறது. இலக்கிய வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் இக்குறையை மாணவர்க்கு எடுத்துரைத்தல் கடன். ஆயினும் கதையின் ஒரு பகுதி ஊன்றி நோக்கத்தக்கது. மணவாழ்வை விரும்பாத இளம் ஔவை, தன் இளமையை நீக்குமாறு விநாயகரை வேண்டி முதுமை பெறுகிறாள். அம்முதுமைக் கோலத்தில் சுந்தராம்பாள் திரையில் தோன்றுகிறார். தம் இளமையை இருபது ஆண்டுகளுக்கு முன்பே வெள்ளாடைக்குள் மறைத்துக்கொண்டவர் அவர். எனினும் இருவர் நிலையும் ஒன்றன்று. ஔவை கேட்டுப் பெற்றாள். சுந்தராம்பாள்மீது அது விதியாலும் வழக்கத்தாலும் வந்து விழுந்தது. ஔவைக்கோ முதுமை விடுதலை; ஊர்தோறும் நடக்கவும் மன்னரிடம் அஞ்சாது பேசவும் உரிமை. அவ்வுரிமையை நடிப்பிலேனும் பெற்றபோது சுந்தராம்பாளின் குரல் முழுமையாகத் திறந்தது.

குரலின் இயல்பும் இதற்குத் துணைசெய்தது. ஒலிபெருக்கி பரவாத காலத்து மேடையில், கடைசி வரிசையில் அமர்ந்தவர்க்கும் கேட்குமாறு பாடிப் பழகிய உச்சக் குரல் அது. சொற்களின் ஓசை சிதையாது. வல்லினம் வல்லினமாகவே ஒலிக்கும். திரையிசை மென்குரலை நாடிச் சென்ற காலத்தில் இக்குரல் பழமைப்பட்டதாகத் தோன்றியிருக்க வேண்டும். மாறாக, அறம் உரைக்கும் முதியவள் வாயிலிருந்து எழுந்தபோது அப்பழமையே மாண்பாயிற்று. 'பூம்புகார்' (1964) படத்தின் கவுந்தியடிகளும், 'திருவிளையாடல்' (1965) படத்தில் சினந்த முருகனை எதிர்நின்று பாடும் ஔவையும் அம்மாண்பின் தொடர்ச்சியே. சென்னை மாநில மேலவை உறுப்பினர் பதவியும், 1969இன் 'துணைவன்' படத்திற்காகத் தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீ பட்டமும் அவரை நாடி வந்தன. 1980இல் அவர் மறைந்தார்.

அவருடைய உறுதியைக் கற்பின் சிறப்பாகப் போற்றுவோர் பலர். அவ்வுறுதி அவருடையது, அதனை இகழ யாருக்கும் உரிமையில்லை. ஆனால் கணவனை இழந்த பெண்ணை வெள்ளாடையில் வைத்துப் பார்த்து மகிழும் சமுதாயத்தின் போற்றுதலை ஐயத்தோடு நோக்குதல் திறனாய்வாளன் கடமை. ஒரு பெருங்கலைஞரின் நடுவயது ஆண்டுகளிற் பெரும்பகுதி தக்க பாத்திரமின்றிக் கழிந்தது தமிழ்க்கலைக்கு நேர்ந்த இழப்பே அன்றோ? அவர் வென்றது துயரத்தினால் அன்று. துயரம் இருந்தும் வென்றார்.

அழுகைக்கு நான்கு காரணம் கூறிய தொல்காப்பியர், பெருமிதத்திற்கும் கல்வி, தறுகண், புகழ், கொடை என நான்கு காரணங்களைக் கூறினார். மேடையே கல்வியாக, அஞ்சாமையே துணையாகப் புகழ் ஈட்டித் தம் குரலைத் தமிழுக்குக் கொடையாக்கியவர் சுந்தராம்பாள். அடுத்த முறை ஔவை வேடமிடும் சிறுமியிடம் ஆசிரியர் ஆத்திசூடியின் பொருளை மட்டும் சொல்லி அமைதல் போதாது. அந்த வெண்சேலையைத் திரையில் உடுத்திய பாடகியின் கதையையும் சொல்லுதல் வேண்டும். கண்ணீர்க்கதையாக அன்று, நிமிர்ந்து நின்ற கதையாக.