தோலுக்கு அடியில் உள்ள உண்மை

வால்ட் டிஸ்னியின் 'பாம்பி' (1942) சிறுவர்க்கான கார்ட்டூன் படம்தானே என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். அதை வரைந்தோர் அவ்வாறு கருதவில்லை. ஸ்டூடியோவிலேயே இரு மான்கன்றுகளை வைத்து, அவற்றின் அசைவுகளைப் பார்த்து வரைந்தனர். இறந்த கன்று ஒன்றின் தோலையும் தசையையும் அடுக்கடுக்காக நீக்கி, உடலமைப்பைக் கற்பித்தார் ஓவியர் ரிகோ லெப்ரன்.

ஆயினும் பாம்பியின் முகத்தில் மனிதக் குழந்தையின் பாவங்களே தெரிகின்றன. இது பொய்யன்றோ என்பார் உளர். கண்கள் சற்று மிகையே என்பதை நாமும் ஏற்கிறோம். ஆனால் பனிக்கட்டியில் சறுக்கும் அக்கால்களின் மூட்டுகள் மெய்யானவை. அவ்வுடலுக்குக் கனம் உண்டு. ஆகவேதான் தாயை இழந்த கன்று கொட்டும் பனியில் அவளைத் தேடி அலையும்போது நம் நெஞ்சும் கனக்கிறது. எலும்புவரை பொறுமையாய்க் கற்றவர்களுக்கே அந்தக் கற்பனை கைகூடிற்று.