தன்னறிதலும் தலைமையும்: அதியமான் அஞ்சி குறித்த புறப்பாடல்களை முன்வைத்து

தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளி வட்டத்து அதியமான்கோட்டை, தகடூரை ஆண்ட அதியமான் மரபின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. அம்மரபின் நெடுமான் அஞ்சி என்றதும் பொதுநினைவில் முதலில் எழுவது ஔவையாருக்கு அவன் ஈந்த நெல்லிக்கனியே (புறம். 91). உணர்வு நுண்ணறிவு என்னும் கருத்தாக்கத்தைச் சலோவியும் மேயரும் 1990இல் முன்வைத்தனர். கோல்மனின் நூல் 1995இல் அதனைப் பரவலாக்கியது. அதன் முன்மாதிரியாக அஞ்சியைக் காட்டுதல் எளிது. ஆயின் நெல்லிக்கனி ஒன்றைக் கொண்டு அம்முடிவுக்கு வருதல் பொருந்தாது. ஈகை வேறு, தன்னை அறிதல் வேறு.

இவ்வேறுபாட்டைப் புறம். 206 வெளிப்படுத்துகிறது. பரிசில் நீட்டித்த அஞ்சியின் வாயிலில் நிற்கும் ஔவையார், மன்னனிடம் நேரே பேசாமல் வாயிற்காவலனை விளிக்கிறார். அவன் தலைவன் அறியாதிருப்பது தன்னையா, தம்மையா என்பதே அவர் வினா. தன்னுணர்வையும் பிறர்பால் பரிவையும் கோல்மன் தனித்தனிக் கூறுகளாகப் பகுப்பார். ஔவையாரின் வினாவிலோ அவை ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. மேலும், தலைவனின் தன்னறிவு இங்கு அவனது தனிச்சொத்தாக இல்லை. வாயிலில் நின்று சினந்து கேட்கும் உரிமையுடைய ஒருவரால் அது சோதிக்கப்படுகிறது. பெருஞ்சித்திரனாரும் அவ்வுரிமையைப் பயன்கொண்டவரே. தம்மைக் காணாமலே அஞ்சி கொடுத்தனுப்பிய பரிசிலை அவர் ஏற்க மறுக்கிறார் (208). பொருளின் அளவு அவருக்குக் குறையன்று, காணாமையே குறை.

ஊர்ச் சிறுவர் தந்தம் கழுவ நீர்த்துறையில் படிந்திருக்கும் யானையாக 94ஆம் பாடல் அவனைக் காட்டுகிறது: தம்மவர்க்கு இனியன், பகைவர்க்கு இன்னான். 100ஆம் பாடலில் அவ்வெல்லை கலங்குகிறது. பகைவரை நோக்கிச் சிவந்த கண், பிறந்த மகனைக் காணும்போதும் சிவப்பு மாறவில்லை. மரபு இதனை அரசவாகை எனப் புகழாகவே வகுத்தது. அவ்வகைப்பாட்டை மதித்தே, களத்துச் சினம் இல்லத்திலும் தணியாமையை ஔவையார் மறைக்காமல் பதிந்திருப்பதையும் வாசிக்க வேண்டும். முன்மாதிரி தேடும் வாசிப்பு தவறவிடுவது இப்பாடலைத்தான்.

பரிசில் தாழ்ப்பினும் அது யானைக் கோட்டிடை வைத்த கவளம்போல் தப்பாது என்னும் 101ஆம் பாடலை, 206இன் சினத்திற்குப் பிந்தைய சமாதானமாகக் கொள்ளுதற்குச் சான்றில்லை; தொகைநூலின் எண்வரிசை காலவரிசையன்று. வாயிற்காவலன்வழி எழுந்த வினாவுக்கு அஞ்சி இறுத்த விடையும் பாடலில் இல்லை. அவன் மறைந்தபின் பாடிய கையறுநிலையில் (235) ஔவையார் முதலில் நினைவுகூர்வது, கள் சிறிதாயின் தமக்கே தந்து, பெரிதாயின் தாம் பாட உடனிருந்து அவன் உண்டதையே.