வலை இழுக்கும் வகுப்பறை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வுட்ஸ் ஹோல் என்றொரு சிறிய கடற்கரை ஊர். கடலியல் ஆய்வகங்களுக்குப் பேர்போனது. அங்கே இயங்கும், 1971இல் நிறுவப்பட்ட சீ எஜுகேஷன் அசோசியேஷன் என்ற அமைப்பு கல்லூரி மாணவர்களைப் பாய்மரக் கப்பலில் ஏற்றிக் கடலைப் படிக்க வைக்கிறது. செமஸ்டரின் ஒரு பகுதி கரையில்: கடலியல், திசையறிதல், ஆய்வுத் திட்டம். மறு பகுதி நடுக்கடலில். 1987இல் ஸ்பெயினில் கட்டப்பட்ட ‘கார்வித் கிராமர்’ அட்லாண்டிக்குக்கும், 2001இல் வாஷிங்டன் மாநிலத்தில் கட்டப்பட்ட ‘ராபர்ட் சி. சீமன்ஸ்’ பசிபிக்குக்கும் என்று வந்த கப்பல்கள். ஒவ்வொன்றும் 134 அடி நீளம்.

போய் வந்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “என் வாழ்க்கையே மாறிவிட்டது.” தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு, கூட்டுணர்வு என்று பட்டியல் நீளும். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கல்வி முறைக்குச் சொல்லப்படும் நியாயங்களிலேயே மிகவும் பலவீனமானது இதுதான். யாரையும் சீட்டுக் குலுக்கிப் போட்டு அந்தக் கப்பலில் ஏற்றுவதில்லை. வாரக்கணக்கில் இணையம் இல்லாமல், குமட்டலோடு கயிறு இழுக்கத் தயார் என்று தானே விண்ணப்பித்தவர்கள்தான் ஏறுகிறார்கள். அவர்களிடம் துணிச்சல் முன்பே இருந்ததா, கப்பல் கொடுத்ததா என்று பிரித்தறிய வழியில்லை.

கப்பலின் உண்மையான சாதனை வேறிடத்தில் இருக்கிறது. அது அலுப்பூட்டும் வேலை. நெருக்கமான கண்ணிகள் கொண்ட வலையைக் கடலின் மேற்பரப்பில் இழுத்து, சிக்கியதையெல்லாம் மேலே கொண்டுவந்து, மிதவை உயிரிகளை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணுவது. பிளாஸ்டிக் துணுக்கு கிடந்தால் இடுக்கியால் எடுத்து அதையும் எண்ணிப் பதிவது. மறுநாளும் அதே. அடுத்த ஆண்டு வேறு மாணவர்கள், அதே வலை, ஏறத்தாழ அதே பாதை. 1986 முதல் 2008 வரை இப்படி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட முறை வலை இழுத்துச் சேர்த்த கணக்கை வைத்து, காரா லாவெண்டர் லாவும் சக ஆய்வாளர்களும் 2010இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாணவர்களின் கைகள் பொறுக்கி எடுத்த துணுக்குகள் 64,000க்கும் மேல். வட அட்லாண்டிக்கின் நடுவே சுழலும் நீரோட்டப் பகுதியில்தான் அவை குவிகின்றன என்பது அதில் துலங்கியது. இருபத்திரண்டு ஆண்டுகளில் உலகின் பிளாஸ்டிக் உற்பத்தி பெருகியிருந்தும், அங்கே மிதக்கும் அளவில் தெளிவான ஏற்றம் எதுவும் தெரியவில்லை என்பதும்தான். அப்படியானால் மீதி பிளாஸ்டிக் எங்கே போனது? கடல் மாசு பற்றிய ஆய்வில் இன்றுவரை பலரைத் துரத்தும் அந்தக் கேள்விக்கு வலுச் சேர்த்த கணக்கில் இளங்கலை மாணவர்களின் உழைப்பு இருக்கிறது.

இன்னொரு சான்று. 2011 முதல் கரீபியக் கடற்கரைகளில் சர்காசம் என்னும் மிதக்கும் பாசி மலைமலையாக ஒதுங்கத் தொடங்கியது. சர்காசோ கடலிலிருந்து வழக்கமாக வருவதுதான் என்று நினைக்க இடமிருந்தது. இதே அமைப்பின் ஜெஃப்ரி ஷெல், டெபோரா குட்வின், ஆமி சியூடா மூவரும் 2015இல், ஒதுங்குவது முன்பு அரிதாகவே தென்பட்ட வேறொரு வடிவம் என்று காட்டினார்கள். எது வழக்கம் என்பது ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தானே தெரியும்?

இனிக் குறைகள். முதலாவது, தனி மாணவனின் ஆய்வு. ஒரு பயணம், ஒரு பாதை, ஒரு பருவகாலம். இதில் கிடைக்கும் கணக்கை வைத்து அவன் எழுதும் அறிக்கை அறிவியலாக நிற்பது கடினம்; பயிற்சி ஏடு என்றே கொள்ள வேண்டும். நீண்டகாலத் தொகுப்புக்கும் வரம்புண்டு. கப்பல் கல்லூரி நாட்காட்டியைப் பின்பற்றுவதால் சில கடற்பகுதிகளைச் சில மாதங்களில் மட்டுமே பார்க்கிறது. வலையின் கண்ணி ஏறக்குறைய மூன்றில் ஒரு மில்லிமீட்டர். அதைவிட நுண்ணியவை நழுவிவிடும். ‘காணாமல் போன’ பிளாஸ்டிக்கில் ஒரு பங்கு அப்படி நழுவியதாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, தூக்கம். பகலில் ஆறு மணி நேரமாக இரண்டு, இரவில் நான்கு மணி நேரமாக மூன்று என்று ஒரு நாளை வாட்ச் எனப்படும் ஐந்து பணிநேரங்களாகப் பிரித்து, மூன்று குழுக்கள் மாறிமாறிப் பார்க்கின்றன. கணக்குப் போட்டால், இன்றைய நேரமே மறுபடி வர மூன்று நாளாகும். நேற்று நள்ளிரவில் சுக்கான் பிடித்தவன் இன்று விடியலுக்கு முன் எழ வேண்டும். சுமையை நியாயமாகப் பங்கிடும் முறைதான். ஆனால் அரைத்தூக்கத்தில் கேட்ட பாடம் எவ்வளவு மண்டையில் நிற்கும்? கடலோடிகளைப் பழக்குவதற்கு ஏற்ற இந்த முறையை மாணவர்களைப் படிப்பிப்பதற்கு ஏற்றது என்று அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

மூன்றாவது பணம். கல்லூரிக் கட்டணத்துக்கு நிகரான செலவு. கப்பல் ஏறும் துறைமுகத்துக்கு விமானச் சீட்டு வேறு. உதவித்தொகை உண்டு. ஆனால் பகுதிநேர வேலை பார்த்து வீட்டுக்கு அனுப்பும் மாணவன் நடுக்கடலில் வாரக்கணக்கில் சம்பளத்தை இழப்பானே, அதை எந்த உதவித்தொகை ஈடுகட்டும்? போதாக்குறைக்கு, பணம் கட்டிவிட்டு அடுக்களையில் பாத்திரமும் கழுவ வேண்டும் என்று கேலி செய்வோரும் உண்டு. அந்தக் கேலியை நான் ஏற்கவில்லை. எஞ்சினில் மட்டும் ஓடும் ஆய்வுக் கப்பலில் மாணவன் வெறும் பயணி. பாய்மரக் கப்பல் அவன் கை இல்லாமல் நகராது. பயணம் முடியும் தறுவாயில், அதிகாரிகளின் கண்காணிப்பில், ஒரு வாட்ச்சை முழுவதுமாக மாணவர் ஒருவரே நடத்த வேண்டும். காற்று எப்படித் திரும்பினாலும் முடிவு அவருடையது.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் இந்தக் கணக்கு முடியாது. 1961இல் ‘அல்பட்ராஸ்’ என்ற மிதக்கும் பள்ளி மெக்சிகோ வளைகுடாவில் திடீர்ச் சூறையில் கவிழ்ந்து ஆறு பேர் இறந்தார்கள், நால்வர் மாணவர்கள். இத்தகைய கப்பல்களுக்கென்று அமெரிக்காவில் தனிச் சட்டம் வந்ததோ 1982இல்தான். 2010இல் கனடா அமைப்பு ஒன்று நடத்திய பள்ளிக் கப்பலான ‘கான்கார்டியா’ பிரேசிலுக்கு அப்பால் கவிழ்ந்தபோது, அதிலிருந்த 64 பேரும் உயிர்காப்பு மிதவைகளில் தத்தளித்து மீட்கப்பட்டார்கள். விதிகளும் பயிற்சியும் உயிரைக் காக்கின்றன. காற்றை அவை கட்டுப்படுத்துவதில்லை.

இத்தனையையும் எடை போட்டால், இந்த முறை தொடர வேண்டும் என்பதே என் முடிவு. ஆனால் விளம்பரத்தைத் திருத்த வேண்டும். “உன்னை மாற்றிக்கொள்ள வா” என்று அழைப்பதை விட்டுவிட்டு, “நீ எண்ணப்போகும் எண்ணிக்கை இருபது ஆண்டு கழித்து வேறொருவருக்குப் பயன்படும்” என்று சொல்ல வேண்டும். மாணவர்களின் அரைகுறைத் தனி ஆய்வுகளைக் குறைத்து, அந்தப் பழைய தொகுப்பின் மேல் கேள்வி எழுப்ப அவர்களைப் பழக்க வேண்டும். உதவித்தொகையைக் கணக்கிடும்போது இழந்த கூலியையும் சேர்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைச் செய்யாதவரை இது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் செமஸ்டராகத்தான் இருக்கும்.