பெயர் மறைந்த முன்னோரும் கணிப்பொறிக் கொடிவழியும்

குடும்பத்தின் கொடிவழியை எழுதிவைக்கும் பணி இன்று கணிப்பொறியிடம் வந்து சேர்ந்துள்ளது. பெயர், பிறந்த நாள், பெற்றோர், மணம், இறப்பு என்னும் கட்டங்களை நிரப்பிவிட்டால் மென்பொருளே மரம் வரைந்து தந்துவிடுகின்றது. ஆயின், இக்கட்டங்கள் யாருடைய வாழ்வை அளவுகோலாகக் கொண்டு வகுக்கப்பட்டவை? அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள், தம் குடும்பத்துக்கெனத் தனி மென்பொருள் ஆக்க முற்படுவதற்கு இவ்வினாவே காரணமாகும்.

அந்நாட்டில் 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் குடிமதிப்பில் அடிமைகளுக்கெனத் தனி ஏடு இருந்தது. அதில் உடையவரின் பெயர் இருக்கும். அதன்கீழ் அடிமைகளின் வயது, பால், நிறம் ஆகியவை இருக்கும். அவர்கள் பெயர் பெரும்பாலும் இராது. 1865இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தபின், 1870ஆம் ஆண்டுக் குடிமதிப்பிலேதான் அம்மக்களிற் பெரும்பாலோர் முதன்முதலாகப் பெயரோடு பதிவாயினர். அதற்கு முற்பட்ட காலத்தை அறிய, உடையவர் எழுதிய உயில், விற்பனைப் பத்திரம், பண்ணைக் கணக்கு ஆகியவற்றைப் புரட்டவேண்டும். தம் முன்னோரைக் காண, அவரை விலைக்கு வாங்கியவரின் குடும்பத்தை முதலில் ஆராயவேண்டியிருப்பது கொடுமையன்றோ!

கொடிவழிச் செய்திகளை ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்ல உதவும் 'ஜெட்காம்' என்னும் அமைப்பை 1984இல் மார்மன் திருச்சபை வெளியிட்டது. அதன் குடும்பப் பதிவு கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற வரிசையில் அமைந்தது. அடிமைகளின் திருமணத்தையோ சட்டம் ஏற்கவில்லை. வர்ஜீனியாவில் 1662இல் இயற்றிய சட்டம், குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று விதித்தது. உடையவனே தந்தையாயினும் குழந்தை அடிமையே. இத்தகைய உறவுகளைக் குறிக்கத் 'தொடர்புடையவர்' என்னும் இடம் அவ்வமைப்பில் உண்டு. எனினும் வழக்கமான மரப்படத்தில் அத்தொடர்பு தோன்றுவதில்லை. வரலாற்றின் திறவுகோல் ஓரக்குறிப்பாக ஒதுங்கிவிடுகின்றது.

2001இல் வெளிவந்த 'கிராம்ப்ஸ்' என்னும் இலவச மென்பொருள் இவ்வகையில் பாராட்டத்தக்கது. செய்திகள் பயன்படுத்துவோரின் கணிப்பொறியிலேயே தங்குகின்றன. மறைவாக வைக்கவேண்டியவற்றை அவ்வாறே குறித்துவைக்கலாம். சான்றின் நம்பகத்தையும் தரம் பிரித்துப் பதியலாம். குறை யாதெனில், அத்தரம் சான்றுக் குறிப்பில் நிற்கின்றதேயன்றி மரத்தின் கோடுகளில் தெரிவதில்லை. உறுதியான தந்தைக்கும் ஊகத்தாற் கொண்ட தந்தைக்கும் ஒரே கோடு போதுமா? அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' 1976இல் வெளிவந்து பல்லாயிரவரைத் தம் வேர்களைத் தேடத் தூண்டியது. ஆனால் அந்நூல் கூறும் அடிமைக்காலக் கொடிவழியை ஆவணங்கள் தாங்கவில்லை என்று கேரி மில்ஸ், எலிசபெத் ஷோன் மில்ஸ் ஆகியோர் 1981இல் எடுத்துக்காட்டினர். ஐயத்தை ஐயமாகவே காட்டுதல் முன்னோர்க்குச் செய்யும் மரியாதையாகும்.

செய்திகள் யார் கையில் இருக்கவேண்டும் என்பதும் சிறு வினாவன்று. மரபணுச் சோதனை நடத்திய '23அண்ட்மீ' நிறுவனத்திலிருந்து 2023இல் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் செய்திகள் களவுபோயின. 2025இல் அந்நிறுவனம் திவாலானபோது, வாடிக்கையாளரின் மரபணுச் செய்திகளும் விற்பனைக்குரிய சொத்தில் அடங்கின. முன்னோரைச் சொத்துப் பட்டியலிற் கண்ட மக்கள், தம் உடலின் செய்தியும் மீண்டும் அவ்வாறு எண்ணப்படுவதைக் கண்டு அஞ்சுவது இயல்பே.

எல்லாவற்றையும் பூட்டிவைத்தால் தேடல் நின்றுவிடுமே என்பர் சிலர். அதுவும் மெய்யே, பண்ணை ஆவணங்கள் பல பிறர் வீட்டுப் பெட்டிகளில்தான் உள்ளன. ஆகவே, இறந்தோர் செய்தியைப் பகிரவும் வாழ்வோர் செய்தியைக் காக்கவும் ஒருங்கே இடந்தருவதே நல்ல கருவியாகும். பெயரில்லாத ஒருத்தியை, 'வயது 30, பெண்' என்ற அளவிலேயே மரத்தில் அமர்த்த அது இசையவேண்டும். கட்டம் நிரம்பவில்லை என்று அவளைத் தள்ளிவிடும் மென்பொருள், அன்று அவள் பெயரை எழுதாமல் விட்ட எழுத்தரின் பிழையையே மறுபடியும் செய்கின்றது.