கம்பம்: ஒரு சொல்லின் பல நிலைகள்

சிங்கப்பூரின் வடகோடியிலுள்ள மார்சிலிங் வட்டாரத்துத் தமிழ் முதியோர் தம் இளமைக் காலத்தைப் பற்றிப் பேசுங்கால் ‘கம்பத்தில் இருந்தபோது’ என்று தொடங்குவது இயல்பு. தமிழகத்திலிருந்து அண்மையில் வந்து குடியேறிய ஒருவர் இதனைக் கேட்பின், தேனி மாவட்டத்துக் கம்பம் நகரமே அவர் நினைவுக்கு வரும். பேசுபவர் குறிப்பதோ கம்போங் என்னும் மலாய்ச் சொல் சுட்டும் சிற்றூரை. ஒரு மொழியினர் இருவரிடையே ஒரே சொல் இவ்வாறு இரு வழியாகப் பிரிவதையும், அப்பிரிவை இன்றைய எழுத்து வழக்கு எதிர்கொள்ளும் முறையையும் நாம் இங்கு ஆராய முற்படுகிறோம்.

கம்பம் என்னும் வடிவம் தமிழில் முன்பே பொருட்செறிவு உடையது. தூணைக் குறிப்பது ஒன்று. நடுக்கத்தைக் குறிப்பது மற்றொன்று. வடமொழியின் வெவ்வேறு சொற்களிலிருந்து வந்த இவ்விரண்டும் தமிழில் ஒரே வடிவம் எய்தின. முன்னது கொடிக்கம்பம், விளக்குக் கம்பம், மின்கம்பம் எனப் பெருகியது. பின்னது இன்றைய பொது வழக்கில் பூகம்பம் போன்ற ஓரிரு சொற்களிலேயே எஞ்சியுள்ளது. அசையாது நிற்பதற்கும் அசைவுக்கும் ஒரே வடிவம் அமைந்தது விந்தைதான். கொங்கு நாட்டு மாரியம்மன் விழாக்களில் நடப்படும் முக்கிளைக் கம்பமோ வெறும் மரமன்று. அம்மனின் கணவனாகக் கருதி மக்கள் அதற்கு நீரூற்றி வழிபடுவர். கரூரில் வைகாசி விழாவின் நிறைவில் அதனை அமராவதி ஆற்றில் விடுவது வழக்கம். காஞ்சி ஏகம்பத்தையும் கம்பர் பெயரையும் இச்சொல்லோடு இணைத்துக் கூறும் விளக்கங்களும் உள. அவற்றுள் புகின் இக்கட்டுரை வேறு திசையில் சென்றுவிடும். மலையாளத்தில் கம்பம் என்பது தீரா ஆர்வத்தையும் குறிக்கும் என்பதை மட்டும் சொல்லிச் செல்லலாம். செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழரும் மலையாளிகளும் அருகருகே பணிபுரிந்த வட்டாரம் இது.

இனி மலாய்ச் சொல்லுக்கு வருவோம். ஙகர ஒற்றில் தமிழ்ச் சொல் முடிவதில்லை. தொல்காப்பியம் மொழியிறுதியில் ஏற்கும் மெய்கள் பதினொன்றனுள் ஙகரம் இல்லை. ஆகவே இவ்வொலியில் முடியும் அயற்சொற்களைத் தமிழர் வெவ்வேறு வகையில் இசைவித்துக்கொண்டனர். பினாங் என்பது குகரம் பெற்றுப் பினாங்கு ஆயிற்று. கிளாங் என்பது னகரம் கொண்டு கிள்ளான் ஆயிற்று. கம்போங் மகர ஈறு பெற்றுக் கம்பம் ஆயிற்று. காஜாங், செம்பவாங், மார்சிலிங் போன்றவை அவ்வாறு மாறாமல் எழுத்தில் நின்றுவிட்டன.

இம்மூன்று மாற்றங்களுள் கம்பம் தனிச்சிறப்பு உடையது. மகர ஈறு பெற்றதனால் அது அத்துச் சாரியையை ஏற்றது. மரம் மரத்தை, மரத்தில் என ஆவது போலவே கம்பமும் கம்பத்தை, கம்பத்தில் என ஆயிற்று. அதன் வழியே கம்பத்து வீடு, கம்பத்துக்காரர், கம்பத்துக் கோழி எனச் சொற்குடும்பம் ஒன்று பிறந்தது. இதனை உருவாக்கியோர் இலக்கணம் பயின்ற புலவரல்லர். தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்த எளிய மக்கள்.

இதே மலாய்ச் சொல் வேறொரு வழியாகவும் தமிழுள் நுழைந்திருக்கிறது. வேலியிட்ட வளாகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான காம்பவுண்டு, கம்போங்கிலிருந்து பிறந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் சொற்களஞ்சியமே இதனை விரிவாக விவாதித்துள்ளது. அங்ஙனமாயின் மதுரையின் காம்பவுண்டுச் சுவரும் மார்சிலிங் முதியோரின் கம்பமும் ஒரு வேரின என்றாகிறது.

பொருளளவிலும் இச்சொல் தமிழர் வாழ்வின் ஓர் இடைவெளியை நிரப்பியது. மலாயாத் தமிழருக்கு ஊர் என்பது பெரும்பாலும் கடல் கடந்த பூர்விக ஊர். தோட்டம் என்பது துரைக்கும் கங்காணிக்கும் உட்பட்ட இடம். இவ்விரண்டிலும் சேராத, பல இனத்தார் அடுத்தடுத்து வாழ்ந்த குடியிருப்பே கம்பம். கிராமம் என்னும் சொல் இப்பொருளைத் தராது. சிங்கப்பூரில் இத்தகைய குடியிருப்புகள் வீடமைப்புத் திட்டங்களால் மறைந்தன. தலைநிலப்பரப்பில் இன்று எஞ்சியிருப்பது லோரோங் புவாங்கோக் ஒன்றே. பினாங்கில் தமிழர் தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்த கம்போங் புவா பாலா 2009இல் இடிக்கப்பட்டது. அம்மக்கள் இழந்த வாழ்விடத்தைக் குடியிருப்பு என்று மட்டும் எழுதினால், இழப்பின் பாதி வெளிப்படாது என்பது நம் கருத்து.

மார்சிலிங்கிலிருந்து இரண்டு நிலையங்கள் தொலைவில் கம்போங் அட்மிரல்ட்டி என்னும் அடுக்குமாடி வளாகம் உள்ளது. முதியோர் வீடுகளும் உணவங்காடியும் மருத்துவ நிலையமும் ஒருங்கே அமைந்த இவ்வளாகம் 2018இல் உலகக் கட்டடக்கலை விழாவில் அவ்வாண்டின் சிறந்த கட்டடமாகத் தேர்வுபெற்றது. மலாயில் பெர்கம்போங் என்றால் ஒன்றுகூடுதல் என்று பொருள். அவ்வகையில் பெயர் பொருத்தமானதே. இடப்பெயரை ஒலிபெயர்த்து எழுதுவதிலும் நமக்கு மாறுபாடு இல்லை.

ஆயின் பொதுப்பெயராக வருமிடத்தும் ‘கம்போங் உணர்வு’, ‘கம்போங் வாழ்க்கை’ என எழுதும் போக்கை ஏற்பதற்கில்லை. ‘கம்பத்து உணர்வு’ என்னும் வடிவம் வழக்கில் இருக்கும்போதே, தமிழ் இயல்புக்கு மாறான வடிவத்தை மீண்டும் இறக்குமதி செய்வது ஏன்? தூண் என்னும் பொருளோடு மயங்கும் என்பர் சிலர். மின்கம்பத்தில் எவரும் குடியிருப்பதில்லை. தொடரே பொருளைத் தெளிவுபடுத்திவிடும். தமிழக வாசகருக்கு விளங்காது என்பது அடுத்த காரணம். இது ஓரளவு மெய்யே. ஆனால் அதற்குரிய தீர்வு அகராதியில்தான் உள்ளது. இலங்கை வழக்குச் சொற்களைத் தனிக்குறிப்புடன் சேர்த்துக்கொண்ட க்ரியா அகராதியின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்கு வழிகாட்டியுள்ளது. மலேசிய, சிங்கப்பூர் வழக்குக்கும் அத்தகைய குறியீடு வேண்டும். அவ்வகராதியில் கம்பம் என்பதற்குத் தூணும் நடுக்கமும் அடுத்து மூன்றாம் பதிவாக, ‘மலாய் வழி, பல இனத்தார் வாழும் சிற்றூர், வேற்றுமையில் அத்துச் சாரியை பெறும்’ என்று இடம்பெற்றாலே போதும், எடுத்துக்காட்டுத் தொடர்களை மார்சிலிங் முதியோரிடமே கேட்டுத் தொகுக்கலாம்.